அளவுப் பலகையைப் பார்க்காத மாலை: நீர்த்தேக்கத்தில் ஒரு விங் ஃபாயில் மோதல்

மலேசியாவின் வட பேராக்கில், செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) நடுவே ஒரு தோட்ட நகரம். அங்கிருந்து தோட்டச் சாலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளிப் பாசன நீர்த்தேக்கம். மேற்கே நேர்கோடாக அணைக்கரை, அதன் தென்முனையில் சின்ன முனீஸ்வரர் கோயில், கோயிலை ஒட்டிப் படகுத்துறை. பாய்ப்பலகை (விண்ட்சர்ஃப்) குழு வார இறுதிகளில் இங்கிருந்துதான் இறங்குகிறது. கிழக்கே தண்ணீர் இரண்டு கிலோமீட்டர் வரை விரிந்து, போகப் போக மேடாகி, கோரைக்குள் மறைகிறது. அதற்கும் அப்பால் பிந்தாங் மலைத்தொடர்.

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் இங்கே ஒருவரின் விங் ஃபாயில் (கையில் காற்றிறக்கையும் அடியில் நீரிறக்கையும் உள்ள பலகை) தண்ணீருக்கடியில் இருந்த அடிக்கட்டையில் மோதியது. 41 நிமிடம் தண்ணீரில் கிடந்த பிறகுதான் அவரைப் படகில் ஏற்ற முடிந்தது. கணுக்காலில் ஐந்து தையல், தோளில் சுளுக்கு, பலகையின் அடி கிழிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அன்று தவறிய ஒவ்வொன்றும் உள்நாட்டு நீர்த்தேக்கம் எதிலும் நாளையே தவறக்கூடியது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம். ஆட்களின் பெயரும் அணையின் பெயரும் இங்கே தேவையில்லை.

தண்ணீர்

மலேசியாவின் பழைய நீர்த்தேக்கங்கள் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கிரியான் வயல்களுக்காக 1906இல் முடிந்த புக்கிட் மேராவும், மின்சாரத்துக்காக 1930இல் வந்த செண்டேரோவும் வேறு வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைப்பவை. மதகைத் திறப்பவருக்கு நாற்று முக்கியம், நம் பலகை முக்கியமில்லை. எனவே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

இந்தத் தேக்கத்தின் அளவுப் பலகை மதகுக் கோபுரத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. நிறைமட்டம் 8.70 மீட்டர். சம்பவத்துக்குப் பதினாறு நாள் முன்பு 8.05 ஆக இருந்தது, சம்பவ நாளில் 7.60. மழையில்லாத வாரங்களும் பாசனத் திறப்பும் சேர்ந்து 45 செ.மீ. இறக்கிவிட்டன. படகுத்துறையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. அங்கே கரை செங்குத்து, 45 செ.மீ. இறங்கினால் படியில் இரண்டு வரிப் பாசி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். கிழக்குக் கோடியிலோ அதே 45 செ.மீ. இடுப்புத் தண்ணீரை முழங்கால் தண்ணீராக்கிவிடும்.

அடியில் இருப்பது பழைய பால்மர (ரப்பர்) தோட்டம். தண்ணீர் கட்டுமுன் மரத்தை வெட்டினார்கள், அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவில்லை. பால்மரக் கட்டை வெளியில் கிடந்தால் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் தின்றுவிடும். காற்றுப் படாமல் சேற்றிலும் தண்ணீரிலும் மூழ்கியே இருந்தால் அப்படி மக்காது. கென்யிர் ஏரியில் செத்த மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அங்கே தலை தெரிகிறது, விலகிப் போகலாம். இங்கே தலை தெரியாத கட்டைகள், தோட்டத்தில் நட்ட வரிசை மாறாமல், ஒழுங்காக நிற்கின்றன.

மோதிய கட்டையைப் பிறகு சம்பானில் (சிறு படகில்) போய்க் கயிறு விட்டு அளந்தோம். அதன் தலை அளவுப் பலகைக் கணக்கில் 7.10. நிறைமட்டத்தில் அதன் மேல் 1.60 மீட்டர் தண்ணீர் நிற்கும். பதினாறு நாள் முன்பு 95 செ.மீ. நின்றது, சம்பவ நாளில் 50 செ.மீ. மட்டுமே. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கதையும் இதற்குள்தான்.

கருவி

ஓட்டியவருக்கு வயது 34, எடை 78 கிலோ, ஃபாயிலில் ஓராண்டுப் பழக்கம். 120 லிட்டர் பலகை, 5.5 சதுர மீட்டர் விங், 75 செ.மீ. தண்டு, 1900 சதுர செ.மீ. முன் இறக்கை. உள்நாட்டின் மெல்லிய காற்றுக்கு இது நல்ல தேர்வு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடலில் ஓட்டியதைவிட ஓரளவு பெரிய பலகை எடுத்ததும் சரியே. நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் குறைவு என்பதால் மிதவையும் தூக்கலும் அதே அளவு குறையும்.

புதியவர்களுக்கு ஒரு விளக்கம். விங் என்பது கையில் பிடிக்கும், காற்றடைத்த இறக்கை. பலகையோடு அதற்கு இணைப்புக் கிடையாது. பலகையின் அடியில் தண்டு, தண்டின் முனையில் விமானம் போன்ற இறக்கைகள், அதுதான் ஃபாயில். வேகம் வந்ததும் ஃபாயில் பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பாய்ப்பலகைப் போட்டியும் ஃபாயிலுக்கு மாறியதிலிருந்து கற்றுக்கொள்ள வருகிற எல்லாருக்கும் முதல் நாளே ஃபாயில்தான் வேண்டும். பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் கடலை நினைத்து எழுதப்பட்டவை. கடலில் நூறு மீட்டர் உள்ளே போய்விட்டால் ஆழத்தைப் பற்றிய கவலை பொதுவாகத் தீர்ந்துவிடும். தேக்கத்தில் உள்ளே போகப் போகத்தான் கவலையே தொடங்குகிறது.

இனி ஆழக் கணக்கு. தண்டு 75, அதற்குக் கீழே இறக்கையின் தடிமன் சேர்த்து 78 செ.மீ. ஆள் ஏறிப் பலகை நின்றால் அது 9 செ.மீ. அளவு மூழ்கும். ஆக நிற்கும்போது 87 செ.மீ. வேண்டும். பறக்கும்போது தண்டின் பாதி வெளியே இருக்கும், 35 முதல் 40 செ.மீ. போதும். அதாவது பறக்கையில் ஃபாயிலின் தேவை பாய்ப்பலகைத் துடுப்பின் தேவையளவே. இறங்கிவிட்டால் அது இரண்டு மடங்குக்கு மேல்.

மோதல்

பதினாறு நாள் முன்பு அதே ஆள் அதே தடத்தில் ஓட்டியிருக்கிறார், விழுந்தும் எழுந்திருக்கிறார். 95 செ.மீ. தண்ணீரில் 87 செ.மீ. கருவி. எட்டு செ.மீ. இடைவெளியில் தப்பியது அவருக்குத் தெரியவே இல்லை. ‘அங்கே ஆழம் போதும்’ என்பது அன்று மனத்தில் பதிந்துவிட்டது.

சம்பவ நாளில் கடற்காற்று 2.40க்குப் பிடித்தது. மேற்கிலிருந்து 11 முதல் 13 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.). 3.10க்கு இறங்கினார். காற்று அணைக்கரையிலிருந்து கிழக்கே வீசுகிறது, அதாவது துறையிலிருந்து வெளியே தள்ளும் காற்று. கடலாக இருந்தால் இதற்கே இறங்கமாட்டார்கள். தேக்கத்தில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. தெற்குக் கரையோரம் பன்னிரண்டு மீட்டர் செம்பனை நிற்கிறது. காற்று அந்தப் பக்கம் சற்றே திரும்பினாலும் மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம், சுமார் 120 மீட்டர், காற்று உடைந்து கலங்கிக் கிடக்கும். அதைத் தவிர்க்க எல்லாரும் வடகிழக்காகப் போவார்கள். நல்ல காற்று அங்கேதான், கட்டைகளும் அங்கேதான்.

கட்டை வரிசையின் மேல் ஆறு முறை பறந்து போய் வந்தார். 40 செ.மீ. மூழ்கிய ஃபாயில், 50 செ.மீ. ஆழத்தில் கட்டை. ஆறு முறையும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஏழாவது முறை, 4.52க்கு, காற்று அறுந்தது. விங் தொய்ந்தது, பலகை தண்ணீரைத் தொட்டது, முன் இறக்கை 78 செ.மீ. ஆழத்துக்கு இறங்கிக் கட்டையின் பக்கவாட்டில் இடித்தது. வேகம் ஏறக்குறைய 11 நாட், வினாடிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல். பலகை நின்றது, ஆள் நிற்கவில்லை. முன்னால் பறந்து விழுந்தவரின் கணுக்கால், பலகை புரண்டபோது, பின் இறக்கையின் ஓரத்தில் உரசிக் கிழிந்தது.

காற்று ஏன் அறுந்தது என்பதுதான் இந்தச் சம்பவத்தின் மிக முக்கியமான பகுதி. 4.40 முதல் மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. வளரும் இடிமேகம் சுற்றியுள்ள காற்றைத் தன்னை நோக்கி இழுக்கும். கிழக்கே மேகம், மேற்கே கடற்காற்று என்றால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து அருமையான, சீரான ஓட்டம் கிடைக்கும். அந்தப் பிற்பகலில் எல்லாரும் மகிழ்ந்தது அதில்தான். மேகத்திலிருந்து மழை இறங்கத் தொடங்கியதும் குளிர்ந்த காற்று தரையில் விழுந்து எதிர்த்திசையில் பரவும். இரண்டும் சந்திக்கும் இடைவேளையில் காற்று செத்துவிடும். அந்த அமைதியைச் சோர்வு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, கதவு தட்டும் சத்தம் அது. அன்று அந்த அமைதியே ஃபாயிலைக் கட்டையின் மேல் இறக்கியும் விட்டது.

ஏன் பலகை கிழிந்தது

அதே நேரத்தில் அதே பகுதியில் 200 லிட்டர் பலகையில் பாய்ப்பலகை பழகிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரும் கட்டையில் இரண்டு முறை இடித்திருக்கிறார். ‘டொக்’ என்று சத்தம் கேட்டது, பலகையின் அடியில் நடுவே நீட்டியிருக்கும் நடுத்துடுப்பு பின்னால் மடங்கியது, பலகை மேலேறிக் கடந்துவிட்டது. அவ்வளவுதான். பழகுபவர்களின் நடுத்துடுப்பு அப்படி மடங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஃபாயிலில் மடங்குவதற்கு எதுவும் இல்லை. அது நெம்புகோல்.

தண்டின் மேல்தட்டு நான்கு எம்8 போல்ட்டுகளால் பலகையடியில் உள்ள இரண்டு டிராக்குகளில் பூட்டப்படுகிறது. டிராக்குகளுக்கு இடையே 90 மி.மீ., முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவே சுமார் 165 மி.மீ. இறக்கையில் பின்னோக்கி 1500 நியூட்டன் விசை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.78 மீட்டர் நெம்பில் அது 1170 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. அதை 0.165 மீட்டர் இடைவெளியில் தாங்க வேண்டுமானால் முன் போல்ட் இரண்டும் சேர்ந்து ஏழாயிரம் நியூட்டனைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 360 கிலோ தொங்கவிட்டதுபோல. பின் போல்ட்டுகளுக்கு வேலையே இல்லை, அங்கே தட்டு பலகையோடு அழுந்தும். உடைந்த இடமும் இதைத்தான் காட்டியது: முன்பக்கம், போல்ட்டை டிராக்குக்குள் பிடிக்கும் ஒரு டி-நட் டிராக்கின் உதட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, இன்னொன்றைச் சுற்றி விரிசல். தண்டு பின்னிரண்டு போல்ட்டில் சாய்ந்து தொங்கியது. முன் இறக்கையில் நடுவிலிருந்து 14 செ.மீ. வலப்பக்கம் ஒரு நசுக்கல். அங்கே அடி விழுந்ததால் முறுக்கும் சேர்ந்துவிட்டது, வலப்பக்க டிராக் முதலில் போனதற்குக் காரணம் அதுதான்.

போல்ட்டை இன்னும் இறுக்கியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. தப்பியிருக்காது. பித்தளை டி-நட்டில் அளவுக்கு மீறி இறுக்கினால் மரைதான் வழுக்கும், டிராக்கும் முன்கூட்டியே நெளியும். கைச்சாவியால் இறுக்கமாக, நான்கையும் குறுக்குமறுக்காகச் சமமாக முடுக்கினால் போதும்.

தண்ணீரில் 41 நிமிடம்

ஆள் நினைவோடு இருந்தார். பலகை இடுப்பு லீஷிலும் (பிணைப்புக் கயிறு), விங் மணிக்கட்டு லீஷிலும் இருந்தன. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் இந்தக் கட்டுரையின் தொனி வேறாக இருந்திருக்கும். தலைக்கவசம் இருந்தது. உடலில் போட்டிருந்தது மிதவை உடுப்பு அல்ல, அடிதாங்கி உடுப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. அடிதாங்கியில் 50 நியூட்டன் மிதவைக்கான ஐஎஸ்ஓ 12402-5 முத்திரை பல நேரம் இருக்காது. கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் எட்டு நிமிடம் காற்றே இல்லை. அந்த எட்டு நிமிடத்தில் செய்ததும் செய்யாததும்தான் மீதியைத் தீர்மானித்தன. அவர் விங்கைக் கவிழ்த்துப் பலகையின் பின்னால் போட்டு, மண்டியிட்டுக் கையால் துடுப்புப் போட்டு, துறையை நோக்கி வர முயன்றார். 1.3 கிலோமீட்டர். சாய்ந்து தொங்கிய ஃபாயில் நங்கூரம்போல் இழுத்தது, பலகை வட்டமடித்தது, வேலம்பாசி போன்ற கொடி தண்டில் சுற்றியது. கிழக்குக் கரையோ 180 மீட்டர் தூரத்தில். வண்டி நிற்கும் கரைக்குத்தான் போகவேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் இயல்பாக வரும், அதை முன்கூட்டியே உடைத்து வைக்க வேண்டும்.

செய்திருக்க வேண்டியது இது. முதலில் பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஃபாயிலை வானத்தைப் பார்க்க வைப்பது. 87 செ.மீ. ஆழம் கேட்ட கருவி ஒரு நொடியில் ஒரு சாணுக்குள் மிதக்கும். கட்டையும் பிடிக்காது, கொடியும் சுற்றாது. பிறகு தண்டுக்குப் பின்னால் மார்பை வைத்து, காலால் உதைத்து, அருகிலுள்ள கரைக்குப் போவது. விங்கின் காற்றை இறக்கக்கூடாது. அது கையில் உள்ள மிகப் பெரிய மிதவை, தூரத்திலிருந்து தெரியும் ஒரே வண்ணமும் அதுதான்.

5.14க்குக் கிழக்கிலிருந்து வீச்சு வந்தது. துறையில் இருந்த கைக்கருவியில் 26 நாட். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 12 நாட்டுக்கும் 26 நாட்டுக்கும் நாலரை மடங்குக்கு மேல் வேறுபாடு. மூன்று மணி வெயிலில் துறையின் சூடான பலகைமேல் வைத்து 7 பிஎஸ்ஐ அடித்த விங் மழையில் நனைந்து குளிர்ந்திருந்தது. உள்ளே காற்று 45 பாகையிலிருந்து 24 பாகைக்குக் குளிர்ந்தால் அழுத்தம் தானாகவே 5.6 அளவுக்கு இறங்கிவிடும். தொய்ந்த விங் வீச்சில் மடிந்து மடிந்து உதறி மணிக்கட்டை இழுத்தது, தோள் சுளுக்கியது அப்போதுதான். பின்னர் அவர் விங்கின் முன்குழலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, அதன் நடுக்குழல்மேல் படுத்துக்கொண்டார். அது சரியான செயல்.

படகு

மோதலைக் கரையில் யாரும் பார்க்கவில்லை. கண்காணிக்க வேண்டியவர் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார். விங் தண்ணீரில் கிடப்பது தெரிந்தும் ‘ஓய்வெடுக்கிறார்’ என்று நினைத்தார்கள். பாய்ப்பலகை இளைஞர் 5.04க்குக் கரையேறிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பதினான்கு அடி ஃபைபர் சம்பான், 15 குதிரைத்திறன் மோட்டார். மாட்டியிருந்தால்தான் மோட்டார் கிளம்பும் சிவப்பு நிறுத்துக்கயிற்றுக் கொக்கி இடத்தில் இல்லை, யாரோ ஒருவரின் அரைக்கால் சட்டைப் பையில் வீட்டுக்குப் போயிருந்தது. மாற்றுக் கொக்கியைத் தேட நான்கு நிமிடம். 5.11க்குப் புறப்பட்டு இரண்டே நிமிடத்தில் மோட்டார் நின்றது. எண்ணெய்த் தொட்டி மூடியின் காற்றுத் திருகு மூடியே இருந்ததால் தொட்டிக்குள் வெற்றிடமாகிக் கைப்பம்பு உறிஞ்சித் தட்டையாகிவிட்டது. திருகைத் திறந்து மறுபடி கிளப்ப மூன்று நிமிடம். பிறகு கொடி இரண்டு முறை விசிறியில் சுற்றியது. 5.33க்குத்தான் சேர்ந்தார்கள்.

இடி முதலில் 4.58க்குக் கேட்டது. 5.10க்கு மின்னலுக்கும் இடிக்கும் இடையே 20 வினாடி, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியேறு, கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் பொறு என்பது எல்லாரும் அறிந்த விதி. அப்படியானால் 5.11க்குப் படகு இறங்கியதே விதிமீறல். இறங்கிய இருவரையும் நாம் குறை சொல்லவில்லை, இறங்காமல் இருந்திருந்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொக்கியும் திருகும் சரியாக இருந்திருந்தால் 5.07க்குப் புறப்பட்டு, நான்கே நிமிடத்தில் சேர்ந்து, முதல் வீச்சு வரும்போது துறையை நெருங்கியிருப்பார்கள். உயிரைப் பணயம் வைக்கும் முடிவை மிகச் சின்ன விலையுள்ள ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருவர்மேல் திணித்தது.

படகு நெருங்கியதும் நடந்த பேச்சு இவ்வளவுதான்: “அண்ணே, முதல்ல விங்க புடிங்க, பறந்துரும்!” “அத விடுப்பா, லீஷக் கழட்டு, நீ ஏறு!” படகுக்காரர் சொன்னதே முறை. முதலில் ஆள், பிறகுதான் பொருள். காற்றுக்குக் கீழ்ப்பக்கமிருந்து நெருங்கி, மூன்று மீட்டருக்கு முன்பே மோட்டாரை நிறுத்தி, கையால் இழுத்தார்கள். ஃபாயில் படகின் பக்கம் திரும்பாமல் ஒருவர் பலகையின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். காற்றடைத்த படகாக இருந்திருந்தால் இது இன்னும் முக்கியம், இறக்கையின் ஓரம் கத்தி மாதிரி கிழிக்கும். 5.51க்குக் கரை.

காயம்

கணுக்காலைச் சுத்தமான குடிநீரால் நன்றாகக் கழுவி, அழுத்திக் கட்டி, மருத்துவமனையில் தைத்தார்கள். காயம் ஏரித் தண்ணீரில் பட்டது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கென்சிங் திக்கூஸ் என்று ஊரில் சொல்லும் எலிச்சிறுநீர்க் கிருமி நோய் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் காய்ச்சலாகத் தலைகாட்டும். இரண்டாம் நாளிலும் வரலாம், ஒரு மாதம் தள்ளியும் வரலாம். டெங்கியைப் போலவே இருக்கும் என்பதால், தண்ணீரில் இறங்கியதை நோயாளியே வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவர் அந்தச் சோதனைக்கு எழுதுவார். இவருக்குச் சோதனையில் அந்த நோய் இல்லை என்று வந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் அத்தனை கான்களும் இந்தத் தேக்கத்தில்தான் வடிகின்றன.

பலகை

புதிதில் 7.1 கிலோ இருந்த பலகை சம்பவத்துக்குப் பின் 7.9 கிலோ. 800 மில்லிலிட்டர் தண்ணீர் உள்ளே. காற்றுத் திருகைக் கழற்றி, கிழிசல் கீழே பார்க்க நிழலில் தொங்கவிட்டு, எடை நாலு நாள் மாறாமல் நிற்கும்வரை காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே ஆவி அழுத்திப் பலகையின் மேல்தோல் உப்பும். டிராக்கைச் சுற்றி வெட்டியெடுத்து, அடர்த்தியான பிவிசி நுரைக்கட்டை பொருத்தி, எபாக்சியும் கண்ணாடி இழையும் போட்டுப் புது டிராக் வைக்கலாம். மேலோட்டமாக எபாக்சி ஊற்றி மூடுவதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. அடுத்த சின்ன இடியிலேயே மொத்தமாகப் பிய்யும், அதுவும் நடுத்தேக்கத்தில்.

இப்போது மாறியிருப்பவை

முதல் மாற்றம் படகுத்துறையில் தொங்கும் கரும்பலகை. காற்று எத்தனை நாட் என்று எழுதுமுன் அளவுப் பலகை எண்ணை எழுத வேண்டும். ஃபாயிலுக்குத் தேவையான ஆழம் தண்டு நீளத்தோடு 50 செ.மீ.: 75 தண்டுக்கு 1.25 மீட்டர், 60 தண்டுக்கு 1.10. கட்டைத் தலை 7.10 என்பதால், எண் 8.35க்குக் கீழே இறங்கினால் 75 தண்டு கட்டை வரிசைப் பக்கம் போகக்கூடாது, 8.20க்குக் கீழே 60 தண்டும் போகக்கூடாது. சம்பவத்துக்குப் பதினாறு நாள் முந்தைய அந்த ‘நல்ல நாள்’ 8.05. இந்த விதிப்படி அன்றே தடை. தேக்கத்தில் கடல் அலை கிடையாது என்பதால் 60 தண்டில் ஃபாயில் அடிக்கடி தண்ணீருக்கு வெளியே வந்து வழுக்கும் தொல்லையும் குறைவு. கோடை முடியும்வரை அதையே மாட்டச் சொல்கிறோம். மற்ற நாளில் பாய்ப்பலகை, அதிலும் 45 பாகை சாய்ந்த கொடித்துடுப்பு.

கட்டைகளை ஏப்ரல் மழைக்கு முன்பே, தண்ணீர் மிகக் குறைவாக இருந்த வாரத்தில், குறித்தார்கள். 25 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்கட்டி, இருபது மீட்டர் இடைவெளியில் கோடு கோடாகச் சம்பான். 7.00க்கு மேல் தலை நீட்டிய கட்டைகள் ஒவ்வொன்றிலும் பாமாயில் போத்தல் மிதவை. வெள்ளைப் போத்தல் மீன்பிடிப்பவர்களின் வலை மிதவையோடு குழம்பிவிடுவதால் மஞ்சள் சாயம். நைலான் கயிறு நிறைமட்டத்துக்கும் சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஏறும்போது போத்தல் முழுகி அதுவே புதிய கண்ணியாகிவிடும். முதல் தவணையில் இதே தவறு நடந்து பத்துப் போத்தல் காணாமல் போயின. தேக்கத்துக்குப் பொறுப்பான இலாகாவிடம் முதலிலேயே அனுமதி கேட்டதால் மதகுப் பக்கம் எதையும் கட்ட விடவில்லை, அதுவும் நியாயமே.

நிறுத்துக்கயிற்றுக் கொக்கி இரண்டு, ஒன்று மோட்டாரில், மற்றது கருவிப் பெட்டிக்குள் சங்கிலியில். முதல் ஆள் தண்ணீரில் இறங்குமுன் மோட்டாரைக் கிளப்பி, காற்றுத் திருகு திறந்த நிலையில் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். இரண்டு நிமிடம் போதாது, வெற்றிடம் அதற்குள் காட்டிக்கொடுக்காமலும் போகலாம். விசிறியில் சுற்றிய கொடியை அறுக்க வளைகத்தி ஒன்று படகிலேயே கட்டியிருக்கிறது. பால்மரம் சீவிய பழைய உளிக்கு இப்படியொரு மறுவாழ்வு கிடைக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

கிழக்குக் கரைக்குத் தோட்டத்தின் எல்லைப் பாதை போகிறது. தோட்ட அலுவலகத்தில் பேசி அந்தக் கதவுச் சாவியின் நகல் வாங்கி வைத்தாகிவிட்டது. அந்தப் பக்கம் யாராவது மாட்டிக்கொண்டால் படகும் போகும், பிக்கப்பும் போகும். இடி நேரத்தில் செம்பனையடியில் ஒதுங்கக்கூடாது, மூடிய வண்டிதான் பாதுகாப்பு. 999க்கு அழைப்பவர் எந்த வழியில் வரவேண்டும் என்று பொம்பாவுக்கு (தீயணைப்பு மீட்புப் படை) சொல்ல, அந்தக் கதவின் வரைபடக் குறியீட்டு எண்கள் கரும்பலகையின் கீழ்மூலையில் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

மலைப்பக்கம் கறுத்திருக்கும்போது காற்று திடீரென்று செத்தால் கண்காணிப்பவர் சங்கு ஊதுவார். காரணம் கேட்காமல், அருகில் எந்தக் கரையோ அந்தக் கரைக்குப் போக வேண்டும். இதுவரை மூன்று முறை ஊதியாகிவிட்டது. ஒரு முறை மழையே வரவில்லை, நல்ல காற்றை வீணாக்கியதாக முணுமுணுப்பு எழுந்தது. சங்கு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.